மண்டையில பல்பு எரியணுமா? முதல்ல நல்லா முட்டி நில்லுங்க

ஐடியாவே வர மாட்டேங்குதுன்னு புலம்புறவங்கள்ல நெறைய பேரு ஒழுங்கா முட்டிக்கவே இல்லைங்க, அதாவது பிரச்சினையோட மல்லுக்கட்டி எங்க சிக்கியிருக்கோம்னு பாக்கற வரைக்கும் போறதே இல்ல. மேலோட்டமா கொஞ்ச நேரம் பாத்துட்டு எந்திரிச்சுடுவாங்க, அப்புறம் குளிக்கும்போது தானா வரும்னு காத்திருப்பாங்க. சட்டியில இருந்தா தானே அகப்பையில வரும்?

அதனால முதல் வேலை, எங்க முட்டுதுன்னு ஒரே வரியில எழுதுறது. அடுத்து, "இது கண்டிப்பா இப்படித்தான்"னு நாம நெனச்சுக்கிட்டிருக்கறதையெல்லாம் அதுக்குக் கீழ எழுதணும். என்னக் கேட்டா இதுதான் முக்கால்வாசி வேலை. போன மாசம் ஒரு எக்செல் ஷீட்ல டோட்டல் இடிச்சுக்கிட்டே இருந்துச்சு, ரெண்டு மணி நேரம் ஃபார்முலாவையே மாத்தி மாத்தி அடிச்சுப் பாத்து கடுப்பாகி துணி மடிக்கப் போயிட்டேன், ஒரு சட்டையோட காலரைப் புடிச்சு நிக்கும்போது திடீர்னு, ஆமா ஃபார்முலா தப்புன்னு யாரு சொன்னது? போய் பாத்தா சில செல்லுல இருக்கறது நம்பரே இல்ல, டெக்ஸ்ட்டு. மத்ததெல்லாம் வலது பக்கம் நிக்க இதுங்க மட்டும் இடது ஓரமா ஒட்டிக்கிட்டு, அவ்ளோ நேரமும் கண்ணு முன்னாடியேதான் இருந்திருக்கு.

கார்ல் டங்கர்னு ஒரு உளவியலாளர் இதை வச்சே ஒரு சோதனை பண்ணாரு. மெழுகுவர்த்தி, தீக்குச்சி, ஒரு பெட்டி நெறைய குத்தூசி, இதை வச்சு மெழுகுவர்த்திய சுவத்துல நிறுத்தணும். பெட்டிய காலி பண்ணி சுவத்துல குத்துனா அதுவே ஸ்டாண்டு, அவ்ளோதான். ஆனா ஊசி உள்ள இருந்தா பெட்டி வெறும் டப்பாவாத்தான் தெரியும், அதையே காலியா குடுத்தா சட்டுனு புடிச்சிடுறாங்க.

இன்னொன்னு, "நெருங்கிட்டோம்"ங்கற ஃபீலிங்க நம்பாதீங்க, அது வரலன்னு விட்டுடவும் வேணாம். 1987ல மெட்காஃப், வீப்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் புதிருக்கு விடை தேடுறவங்கள நடுநடுவுல எவ்ளோ கிட்ட வந்திருக்கீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அல்ஜீப்ரா கணக்குல அது படிப்படியா ஏறுச்சு, இந்த மாதிரி பளிச்சுனு புரியுற புதிர்ல கடைசி வரைக்கும் பெருசா அசையல.

முட்டி முடிச்சதும் எந்திரிச்சுடுங்க. கை ஓடணும், மனசு சும்மா இருக்கணும், அப்படி ஒரு வேலை. ஃபோன் நோண்டுறது இதுல சேராது, அது தலைய மறுபடி ரொப்பிடும். கணித மேதை புவான்கரே நாள்கணக்கா மல்லுக்கட்டிட்டு ஊர் சுத்தப் போன இடத்துல, குதிரை வண்டியில ஏற படியில கால் வச்ச நொடியில விடை வந்துச்சுன்னு அவரே எழுதியிருக்காரு.

வந்த உடனே எழுதிடுங்க, அப்புறம் சரிபாருங்க, ஏன்னா தப்பான ஐடியாவும் அதே மாதிரி பளிச்சுனுதான் வரும். புவான்கரேவும் திரும்பி வந்து உக்காந்து சரிபாத்தாரு. என் ஷீட்லயும் டெக்ஸ்ட்டையெல்லாம் நம்பராக்கின பிறகும் டோட்டல் இடிச்சுச்சு, தேடிப் பாத்தா ஒரு வரி ரெண்டு தடவை ஏறியிருந்துச்சு.