தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடு பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஞாயிறு மத்தியானம் ஷோ டே, அதாவது விற்கிற வீட்டை எல்லோரும் வந்து பார்க்கத் திறந்துவைக்கும் நாள். நல்ல வெயில், சுவரெல்லாம் புதுப் பெயிண்ட், அடுப்படியில் கிரானைட் மேடை பளபளக்கிறது. இருபது நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு "பிடிச்சிருக்கு" என்று தலையாட்டுவதுதான் டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் பலர் செய்கிற முதல் தவறு. இந்த வட்டாரத்தில் வீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை கொட்டும். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் பார்க்கிற வீடு எதையும் காட்டிக்கொடுக்காது. மழை பெய்த மறுநாள் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். குளிர்காலத்தில்தான் பார்க்க முடியும் என்றால், தண்ணீர் விட்டுப்போன தடயங்களைத் தேடியாக வேண்டும்.

வீட்டுக்குள் நுழையும் முன் சரிவைப் பார்க்காமல் விடுவது

டர்பனில் பல வீடுகள் சரிவில் நிற்கின்றன. மேட்டை வெட்டித் தட்டையாக்கி வீடு கட்டியிருப்பார்கள்; வெட்டிய மண்ணைத் தாங்குசுவர்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அது சரிந்தால், அதைத் திரும்பக் கட்டும் செலவு ஒரு சமையலறையைப் புதுப்பிக்கிற செலவையெல்லாம் தாண்டிவிடும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். சரிவுகள் இடிந்து வீடுகளோடு போனதும் அந்த மழையில்தான். இங்குள்ள 'பெரியா' எனப்படும் சிவப்பு மணல் காய்ந்திருக்கும்போது கெட்டியாக நிற்கும். தண்ணீர் உள்ளே இறங்கினால் பிடிப்பை இழந்து அரித்துக்கொண்டு போய்விடும்.

தாங்குசுவரின் அடிப்பகுதியில் தண்ணீர் வடியத் துளைகள் இருக்கின்றனவா? இருந்தும் மண் அடைத்துக் கிடந்தால், மழைக்காலத்தில் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி அதை முன்னால் தள்ளுகிறது என்று அர்த்தம். ஒரு நூலில் சாவிக்கொத்தைக் கட்டிச் சுவரின் மேல் விளிம்பிலிருந்து தொங்கவிடுங்கள். சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தாலோ நடுவில் வயிறு தள்ளியிருந்தாலோ உடனே தெரியும். மேல்வீட்டுக் கூரைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்பதையும் பாருங்கள். அது உங்கள் சுவருக்குப் பின்னால் கொட்டினால் பின்னால் தகராறு நிச்சயம். சுவர் உயரமாக இருந்தால் பொறியாளர் வரைபடத்தைக் கேளுங்கள்.

எல்லா விரிசலுக்கும் பயப்படுவது, அல்லது எதற்குமே பயப்படாமல் இருப்பது

பூச்சில் மயிரிழை போல ஓடும், 1 மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல்கள் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் உண்டு. கவனிக்க வேண்டியது செங்கல் இணைப்பைத் தொடர்ந்து படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல், சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல், ஒரு முனை மெலிந்து மறுமுனை அகன்ற விரிசல். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அஸ்திவாரம் அசைந்திருக்கலாம். பொறியாளரைக் கூட்டிவராமல் விலை பேசாதீர்கள். பெயிண்ட் விரிசலை மறைக்கும், கதவு மறைக்காது. ஒவ்வொரு கதவையும் மூடித் திறந்து, மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இழைத்துக் குறைத்திருந்தால் நிலைச்சட்டம் கோணிவிட்டது.

ஈரத்துக்கும் இதே போல ஒரு சோதனை. வெளியே மண்ணோ நடைபாதைக் கல்லோ வீட்டுத் தரையைவிட 150 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். பலர் முற்றத்தில் கல்லின் மேல் கல் போட்டு உயர்த்தி, சுவருக்குள் இருக்கும் ஈரத்தடுப்பை மூழ்கடித்துவிடுகிறார்கள். அப்புறம் உள்ளே சுவரடிப் பலகை உப்பும், பெயிண்ட் கொப்பளிக்கும், வெள்ளையாக உப்புப் பூக்கும். சுவரோடு ஒட்டிய அலமாரியைத் திறந்து, பின்பலகையில் உள்ளங்கையை வைத்து, ஒரு தடவை மூச்சை இழுத்துப் பாருங்கள். பூஞ்சை வாடையைப் பெயிண்டால் மறைக்க முடியாது.

திசையை இந்திய ஊர்க்கணக்கில் பார்ப்பது

வீட்டில் பெரியவர்கள் வாசல் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்கட்டும். ஆனால் தென்னாப்பிரிக்காவில் சூரியன் வடக்கு வானத்தில் போகிறது. குளிர்கால வெயில் வேண்டுமென்றால் கூடமும் படுக்கையறையும் வடக்கே பார்க்க வேண்டும். தெற்கு அறைகள் ஈரமாகவே கிடக்கும், துணி காயாது. வாஸ்து பார்க்கிற அதே போனில் திசைகாட்டியும் இருக்கிறது.

கூரையை வெளியிலிருந்து மட்டும் பார்ப்பது

1960களில் எழுந்த சாட்ஸ்வொர்த்திலும், 1976இல் தொடங்கிய ஃபீனிக்ஸிலும் பழைய கவுன்சில் (நகராட்சி) வீடுகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் கூரை உண்டு. உடையாமல் கிடக்கும்வரை உடனடி ஆபத்து குறைவு. துளை போடும்போதும், அறுக்கும்போதும், பிரஷர் மெஷினில் கழுவும்போதும்தான் நார்த்தூள் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகிறது. எடுத்துப் போட வேண்டுமென்றால் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும். அந்தச் செலவை விலை பேசும் முன்பே விசாரித்துவிடுங்கள். பக்கத்து வீட்டோடு ஒட்டிக் கட்டிய வீடாக இருந்தால் பாதிக் கூரை அடுத்த வீட்டுக்காரருடையது. அவர் மாற்றாவிட்டால் நடு இணைப்பில் ஒழுகல் தொடரும்.

டார்ச்சோடு சீலிங் மூடியைத் திறந்து மேலே பாருங்கள். மரத்தில் பழைய தண்ணீர்க் கறை, பொடித்துளைகள், துளைக்குக் கீழே மாவு போன்ற தூள் இருக்கிறதா? கீசரும் அங்கேதான் இருக்கும். அதன் கீழே தட்டு இருக்க வேண்டும். தட்டிலிருந்து குழாய் வீட்டுக்கு வெளியே வர வேண்டும். தட்டு இல்லாத கீசர் வெடித்தால் சீலிங்கே கீழே வந்துவிடும்.

குழாயைத் திறந்து பார்க்கக் கூச்சப்படுவது

விற்பவர் என்ன நினைப்பாரோ என்று தயங்குகிறவர்கள்தான் அதிகம். ஷவரைத் திறந்து வைத்து, சமையலறைக் குழாயையும் திறந்து, கழிப்பறையில் தண்ணீரை இழுத்துவிடுங்கள். அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டு வாசலில் மீட்டரைப் பாருங்கள். குழாய் எல்லாம் மூடியும் முள் சுற்றினால் எங்கேயோ கசிகிறது. கொல்லையில் பெரிய மாமரம் இருந்தால் சாக்கடைக் குழி மூடியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய மண்குழாய் இணைப்புகளுக்குள் வேர் புகுந்து அடைப்பது இங்கே சாதாரணம்.

வீட்டு மின்சாரப் பலகையான டிபி போர்டில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்சின் சோதனைப் பொத்தானை, சொல்லிவிட்டு, அழுத்துங்கள். சுவிட்ச் டக்கென்று விழ வேண்டும்.

அவுட்பில்டிங்கின் வாடகையை மட்டும் கணக்குப் போடுவது

பின்னால் இரண்டு அறை, மாதாமாதம் வாடகை, பாண்ட் (வீட்டுக்கடன்) கட்ட உதவும் என்று ஏஜென்ட் சொல்வார். அங்கீகரித்த பிளான் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வங்கி தயங்கலாம், காப்பீடு மறுக்கலாம், நகராட்சி இடிக்கவும் சொல்லலாம். பிளான் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையையும் ஒப்பிடுங்கள். மூடிய வராந்தாவும் கார்போர்ட்டும் பெரும்பாலும் பிளானில் இருக்காது. கழிவுநீர்க் குழாய்க்காக நகராட்சிக்கு உரிமையுள்ள பட்டை நிலத்தின் குறுக்கே போகிறதா என்பதையும் பத்திரத்தில் பாருங்கள். அதன் மேல் கட்ட முடியாது.

சான்றிதழ் வந்தால் போதும் என்று நம்புவது

மின்சாரச் சான்றிதழ் கைமாறும்போது இரண்டு ஆண்டுக்கு மேல் பழசாக இருக்கக்கூடாது. அது பாதுகாப்பைச் சொல்லும், பிளக் போதுமா என்பதைச் சொல்லாது. மரத்தைத் துளைக்கும் வண்டு இருக்கிறதா என்று பார்த்துத் தரும் பீட்டில் சர்டிபிகேட் கண்ணுக்கு எட்டும் மரத்தை மட்டும்தான் பேசும்.

அதற்கு மேல் வூட்ஸ்டூட்ஸ், அதாவது 'இருக்கிறபடியே' என்ற விதி. கண்ணுக்குத் தெரியும் குறை வாங்குபவர் தலையில். தெரிந்தே மறைத்த குறைக்கு விற்பவர் தப்ப முடியாது, ஆனால் அவருக்குத் தெரியும் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, விற்பவர் கையெழுத்திட்ட குறை அறிவிப்புப் படிவத்தை ஏஜென்ட் உங்களிடம் தர வேண்டும். விலை சொல்லும் முன்பே அதை வாங்கி, ஒவ்வொரு கட்டமாக நீங்கள் பார்த்ததோடு ஒப்பிடுங்கள்.

ஆஃபரில், அதாவது வீட்டை வாங்க எழுதிக் கொடுக்கும் தாளில், கையெழுத்துப் போட்டுவிட்டு யோசிக்கலாம் என்பதும் நடக்காது. ஐந்து நாளில் மனம் மாறும் உரிமை 2,50,000 ரேண்ட் வரையான வீட்டுக்குத்தான். இன்றைய விலையில் அது கிட்டத்தட்ட யாருக்கும் உதவாது. விற்பவர் ஒப்புக்கொண்டதும் நீங்கள் கட்டுப்பட்டவர். அதனால் பாண்ட் கிடைக்க வேண்டும், குறிப்பிட்ட நாளுக்குள் நம் ஆள் வந்து சோதித்து நாம் எழுத்தில் ஒப்ப வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் ஆஃபரிலேயே எழுதச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர், சோலார், தண்ணீர்த் தொட்டி வீட்டோடு சேர்த்தா என்பதையும் அதே தாளில்.