கனடா முதற்குடியினரின் கண்ணாடி உதவி: கவுண்டரில் நடக்கும் தவறுகள்

ஒன்ராறியோவின் வடமேற்கில், தண்டர் பே நகரில் ஒரு கண்ணாடிக்கடையில் சில வருடங்கள் வேலை செய்தேன். வடக்கே தெருப்பாதை இல்லாத, விமானத்தில் மட்டும் போய்வரக்கூடிய, கனடாவின் ஆதிக்குடிகளான முதற்குடியினரின் கிராமங்களிலிருந்து ஆட்கள் வைத்தியத்துக்காக வந்து இறங்கும் நகரம் அது. ஒரு மாசி மாதக் குளிரில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் கண்ணாடி செய்ய வந்தார். அவர் நீட்டிய ஸ்டேட்டஸ் கார்டின், அதாவது பதிவுபெற்ற முதற்குடியினருக்கு அரசு கொடுக்கும் அடையாள அட்டையின், திகதி முடிந்திருந்தது. "இது செல்லாது" என்று சொல்லிவிட்டோம். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துத்தான் எங்களுக்கு விளங்கியது. திகதி முடிவது அட்டைக்கு மட்டும்தான். முதற்குடியினருக்கான கனடாவின் 'இந்தியன் சட்டத்தின்' கீழ் ஒருவர் பதிவானால் அந்தப் பதிவு ஆயுள் முழுவதும் நிற்கும். அட்டையில் இருந்த 10 இலக்க எண்ணை எடுத்துக் கேட்டிருந்தால் போதும், அவருக்குக் கண்ணாடி கிடைத்திருக்கும். அதற்குள் அவர் ஊருக்குத் திரும்பியிருப்பார்.

அந்த நாளுக்குப் பிறகு நான் கவனித்தது ஒன்றுதான். முதற்குடியினர் கண்ணாடி வாங்க அரசு கொடுக்கும் உதவி கைநழுவிப் போவது பெரும்பாலும் சட்டம் மறுப்பதால் அல்ல. ஓர்டர் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை யாரும் கேட்காததால். ஒன்ராறியோவில் மருந்தகங்களிலும் கண்ணாடிக்கடைகளிலும் நம்மவர்கள் பலர் வேலை செய்கிறார்கள். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். கீழே 'நீங்கள்' என்று சொல்வது கண்ணாடி வாங்க வருபவரைத்தான்.

முதலில் திட்டத்தின் பெயர். 'காப்புறுதிக்குள் வராத சுகாதார நலன்கள்' என்பதுதான் பொருள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் என்.ஐ.எச்.பி (NIHB) என்றே சொல்வார்கள். மாகாணக் காப்புறுதி கொடுக்காதவற்றுக்கு, அதாவது மருந்து, பல், கண்ணாடி, வைத்தியப் பயணம் போன்றவற்றுக்கு, கூட்டாட்சி அரசு பணம் கொடுக்கிறது. பதிவுபெற்ற முதற்குடியினரும் கனடாவின் வடகோடியின் ஆதிக்குடிகளான, அங்கீகரிக்கப்பட்ட இன்யூட் மக்களும் இதற்குள் வருவார்கள். ஐரோப்பிய வணிகர்களும் முதற்குடிப் பெண்களும் கலந்த வழியில் உருவான மேற்றி மக்கள் வரமாட்டார்கள். வருமானம் பார்ப்பதில்லை. வேலையில் இருக்கிறாரா, கிராமத்துக்குள் வசிக்கிறாரா ரொறன்ரோவில் வசிக்கிறாரா என்பதும் கணக்கில் இல்லை.

நம் ஆட்கள் செய்யும் ஒரு குழப்பத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அகதிக் கோரிக்கையோடு வந்த காலத்தில் நம்மில் பலர் இடைக்காலக் கூட்டாட்சிச் சுகாதாரத் திட்டத்தில் கண்ணாடி வாங்கியிருக்கிறோம். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, "கோரிக்கை இன்னும் நடக்கிறதா?", "வேலை கிடைத்துவிட்டதா?" என்ற மாதிரிக் கேள்விகளை ஒரு முதற்குடி மனிதரிடம் கேட்கக்கூடாது. அவருக்கு இது தற்காலிக உதவி அல்ல. 1876இல் கையெழுத்தான 6ஆம் ஒப்பந்தத்தில் அவர்களுக்காக ஒரு மருந்துப்பெட்டி வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சுகாதாரம் தங்கள் ஒப்பந்த உரிமை என்று முதற்குடியினர் அதைக் காட்டித்தான் வாதாடுகிறார்கள். அரசு இதைக் கொள்கை என்கிறது, அவர்கள் உரிமை என்கிறார்கள். தலைமுறைகளாக நடக்கும் வாதம் அது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர் அதைத் தீர்க்கத் தேவையில்லை. தானம் கொடுக்கிற முகத்தோடு நிற்காமல் இருந்தால் போதும்.

சரி, பணத்தை அதிகம் விழுங்கும் தவறுக்கு வருவோம். கையிலிருந்து முழுப்பணத்தையும் கட்டிவிட்டு, 'பிறகு எடுத்துக்கொள்ளலாம்' என்று நினைப்பது. என்.ஐ.எச்.பி கோரிக்கைகளை அரசுக்காகக் கையாள்வது எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ் கனடா. அதில் பதிவுசெய்த கடை என்றால் கணக்கை நேரடியாக அங்கே அனுப்பும், நீங்கள் பணம் கட்டவேண்டியதில்லை. பதிவு செய்யாத கடையில் வாங்கினால், பற்றுச்சீட்டையும் கண் வைத்தியர் எழுதிய பவர்ச் சீட்டின் பிரதியையும் படிவத்தோடு அனுப்பித்தான் திரும்பப் பெறவேண்டும். சேவை நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினாலும் திட்டம் ஏற்கும் தொகைக்கு மேல் ஒரு சதமும் வராது. அதனால் கடைக்குள் நுழைந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "நீங்கள் என்.ஐ.எச்.பிக்கு நேரடியாகப் பில் போடுவீர்களா?"

இரண்டாவது கேள்வி ஃபிரேமைக் கையில் எடுப்பதற்கு முன்: "திட்டம் எவ்வளவு கொடுக்கும், நான் எவ்வளவு சேர்க்க வேண்டும்?" இதைக் கேட்காமல் அழகான ஃபிரேமைப் பார்த்து, லென்ஸுக்கு அந்தப் பூச்சு இந்தப் பூச்சு என்று ஒவ்வொன்றாகத் தலையாட்டி, கடைசியில் பில்லைப் பார்த்துத் திகைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். மேலதிகமாக எடுப்பதில் தவறில்லை, விருப்பம் இருந்தால் எடுக்கலாம். ஆனால் அந்த வித்தியாசம் எவ்வளவு என்பதைக் கடை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கொன்டாக்ட் லென்ஸைச் சில கண் நோய்களுக்கு மட்டும்தான் ஏற்பார்கள், அதற்கும் முன் அனுமதி எடுக்கவேண்டும். அனுமதி வருமுன் ஓர்டர் கொடுத்துவிட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம்.

கால இடைவெளியைத் தவறாக எண்ணுவதும் அடிக்கடி நடக்கும். 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 24 மாதங்களுக்கு ஒருமுறை, அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 12 மாதங்களுக்கு ஒருமுறை கண்ணாடி. வருடம் பிறந்தால் புதுக் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, கடைசியாக வாங்கிய நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். பவர் குறிப்பிடத்தக்க அளவு மாறியிருந்தால் இடையிலும் கேட்கலாம், வைத்தியரின் எழுத்து வேண்டும். இது தெரியாமல், பழைய கண்ணாடியில் எழுத்து மங்குவதைச் சகித்துக்கொண்டு இரண்டு வருடம் முடியும்வரை பாடசாலைக்குப் போன ஒரு பதின்வயதுப் பையனை எனக்குத் தெரியும். அவன் 12 மாதக் கணக்குக்குள் வருபவன் என்பதைக்கூட வீட்டில் யாரும் அறிந்திருக்கவில்லை.

கண் பரிசோதனைக்கும் கண்ணாடிக்கும் வழி வேறு. ஒன்ராறியோவில் 19 வயது வரையும், 65 வயதிலிருந்தும் பரிசோதனைச் செலவை மாகாணச் சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப் ஏற்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இடைப்பட்ட வயதிலும் வருடத்துக்கு ஒருமுறை ஏற்கிறது. என்.ஐ.எச்.பி கடைசியாகத்தான் பணம் கொடுக்கும். மாகாணக் காப்புறுதியோ வேலையிடக் காப்புறுதியோ இருந்தால் முதலில் அங்கே அனுப்பி, அவர்கள் கொடுத்த விளக்கத் தாளோடு மீதியை இங்கே கேட்கவேண்டும். வேலையிடக் காப்புறுதியைச் சொல்லாமல் விட்டால் கோரிக்கை திரும்பிவரும். நீரிழிவு உள்ளவர் "எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவது இன்னும் கொடுமையான தவறு. விழித்திரையில் இரத்தக்குழாய் கசியத் தொடங்கும்போது பார்வையில் ஒன்றும் தெரியாது. முதற்குடிச் சமூகங்களில் நீரிழிவு கனடாவின் மற்றவர்களைவிட அதிகம். கண்ணாடி வாங்கப் போகும் நாள்தான் அதைப் பிடிக்கக் கிடைக்கும் நாள்.

பெயர் ஒரு சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் கோரிக்கைகள் நிராகரிக்கப்படுவதற்கு அது ஒரு பெரிய காரணம். வீட்டில் கூப்பிடும் பெயர், மணமானபின் மாறிய பெயர், தங்கள் மொழியில் வைத்துக்கொண்ட பெயர் எல்லாம் இருக்கும். பதிவில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில், அதே பிறந்த திகதியோடு போகவேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை பெற்றோரின் எண்ணில் சேவை பெறலாம், அதற்குப் பிறகு குழந்தைக்குச் சொந்த எண் வேண்டும். பதிவை நாளை நாளை என்று விட்டவர்களுக்கு, பிள்ளை பாலர் வகுப்பில் கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லும் நாளில்தான் நினைவு வரும்.

'எனக்கு ஸ்டேட்டஸ் கிடையாது' என்று பழைய நம்பிக்கையில் இருப்பவர்களும் உண்டு. முன்பு முதற்குடிப் பெண் வெளியாரை மணந்தால் அவளுடைய பதிவையே நீக்கிவிடுவார்கள். 1985இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் பிறகும் மிஞ்சியிருந்த பாகுபாட்டை 2011இலும் 2019இலும் மேலும் திருத்தினார்கள். அம்மம்மா இழந்த பதிவின் வழியாக இன்று பேரப்பிள்ளைகளுக்கு உரிமை இருக்கலாம். பத்து வருடத்துக்கு முன் கிடைத்த "இல்லை"யை இன்றைக்கும் நம்பி இருக்கவேண்டாம்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் வசிப்பவர்கள் என்.ஐ.எச்.பிக்கு அனுப்பி ஏமாறுகிறார்கள். அங்கே 2013இலிருந்து இந்தப் பொறுப்பு முதற்குடிச் சுகாதார ஆணையத்திடம் இருக்கிறது. கண்ணாடிக் கோரிக்கைகள் பசிபிக் புளூ கிராஸ் ஊடாகப் போகும்.

விமானத்தில் வருபவர்களுக்குத் தனியாக ஒன்று. பரிசோதனைக்கு வரும் பயணத்தையும் திட்டம் ஏற்கலாம், ஆனால் கண்ணாடியை எடுத்துப்போவதற்கென்று இன்னொரு பயணத்தை நம்பக்கூடாது. ஆகவே பரிசோதனையை வந்த முதல் நாள் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாலைக்குள் ஃபிரேமைத் தெரிவுசெய்து, மூக்கிலும் காதிலும் பொருத்திப் பார்த்து, கண்மணிகளுக்கு இடைப்பட்ட அளவையும் எடுத்துவிடலாம். கண்ணாடி தபாலில் ஊருக்கு வரும். வந்ததும் நழுவினால் கிராமத்துத் தாதியர் நிலையத்தில் வளைத்துச் சரிசெய்ய ஆள் இருப்பாரா என்பது நிச்சயமில்லை. அளவு எடுத்த நேரம்தான் எல்லாம். அந்த அம்மா திரும்பிப் போன நாளை நினைக்கும்போது எனக்கு இதுதான் உறுத்தும்: அவர் இழந்தது ஒரு கண்ணாடியை மட்டுமல்ல, அடுத்த விமானம் வரைக்குமான மாதங்களையும்.

பிள்ளைகள் விஷயத்தில் என்.ஐ.எச்.பி மறுத்தால் அத்தோடு கதை முடிந்தது என்று நினைக்கவேண்டாம். ஜோர்தான் கொள்கை என்று ஒன்று இருக்கிறது. மனிற்றோபா மாகாணத்தின் நோர்வே ஹவுஸ் கிரீ முதற்குடிச் சமூகத்தைச் சேர்ந்த ஜோர்தான் ரிவர் அண்டர்சன் என்ற குழந்தையின் வீட்டுப் பராமரிப்புக்கு யார் பணம் கொடுப்பது என்று மாகாண அரசும் கூட்டாட்சி அரசும் இழுபறிப்பட்டார்கள். அந்தக் குழந்தை தன் வீட்டில் ஒருநாள்கூட வாழாமல் 2005இல், ஐந்து வயதில் இறந்துபோனான். முதற்குடிப் பிள்ளைக்குத் தேவையானதை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு அரசுகள் தங்களுக்குள் கணக்குப் பார்க்கட்டும் என்பதுதான் அவன் பெயரில் வந்த கொள்கை. திட்டத்துக்குள் அடங்காத கண் தேவைகளுக்கும் இதன் வழியாக விண்ணப்பிக்கலாம்.

பெரியவர்களுக்கோ பிள்ளைகளுக்கோ மறுப்புக் கடிதம் வந்தால் மேன்முறையீட்டுக்கு மூன்று நிலைகள் இருக்கின்றன. முதல் மறுப்போடு பலர் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். வைத்திருங்கள். இந்தக் கண்ணாடி ஏன் தேவை, என்ன நோய், முன்பு என்ன முயன்று பார்த்தார்கள் என்பதைக் கண் வைத்தியரிடம் எழுதி வாங்கிச் சேர்த்து அனுப்புங்கள். எழுதத் தெரியவில்லை என்றால், முதற்குடி அமைப்புகளில் என்.ஐ.எச்.பி வழிகாட்டிகள் என்றே ஆட்கள் வேலை செய்கிறார்கள். படிவம் நிரப்புவதிலிருந்து மேன்முறையீடு வரைக்கும் கூடவே இருந்து உதவுவதுதான் அவர்களுடைய வேலை.