கரிசல் மண்ணில் அவசரமாக கோர்ட் போடுகிறீர்களா?

வீட்டுக்குப் பின்னால் ஒரு பேட்மின்டன் கோர்ட் வேண்டும் என்றால், "பத்தே நாளில் முடித்துத் தருகிறேன்" என்று சொல்ல இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். நல்ல செம்மண் பூமியில் அது ஓரளவு நடக்கவும் செய்யும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் அதே வேகத்தைக் காட்டினால், முதல் ஐப்பசி மழையிலேயே தரை மேடும் பள்ளமுமாகிவிடும். கரிசலில் நாள் மிச்சம் பிடிக்க இடம் உண்டு. ஆனால் அது மேல்தளத்தில்தான், அடிமண்ணில் கிடையாது.

கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மண் ஈரமாக இருப்பதால் மட்டும் கெடுதல் இல்லை, அந்த ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதுதான் தளத்தைக் கெடுக்கிறது. கான்கிரீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் அப்படியே தங்கிவிடும். ஓரங்களில் மட்டும் மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும். அதனால்தான் விரிசல் பெரும்பாலும் ஓரத்திலிருந்து கிளம்புகிறது.

இதற்கு மேஸ்திரிகள் சொல்லும் பழைய மருந்து, "நாலு அங்குலத்துக்குப் பதிலா ஆறு அங்குலமா போட்டுடலாம் சார்" என்பது. பெரிய தவறு இதுதான். நாலு அங்குல கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ பாரம் தரும், ஆறு அங்குலம் போட்டால் 375 கிலோ. வீரியமான கரிசல் ஊதும்போது அதே ஒரு சதுர மீட்டரில் பல டன் விசையோடு மேலே தள்ளும். சுவரும் கூரையும் உள்ள வீடாவது கொஞ்சம் அழுத்திப் பிடிக்கும். கோர்ட்டுக்கு அந்தப் பாரம் இல்லை. கூடுதல் காசை கான்கிரீட்டில் கொட்டாமல் அடியில் போடுங்கள்.

எவ்வளவு போடுவது என்பதை மண்தான் சொல்ல வேண்டும். சோதிக்காமல் வேலையைத் தொடங்குவது அடுத்த தவறு. மண் பரிசோதனைக் கூடங்களில் செய்யும் ஓர் எளிய சோதனை இருக்கிறது. உலர்த்திச் சலித்த மண் 10 கிராமை இரண்டு அளவுக் குடுவைகளில் போட்டு, ஒன்றில் மண்ணெண்ணெயும் மற்றதில் தண்ணீரும் ஊற்றி ஒரு நாள் விடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் ஊதாது. அதில் 10 மில்லியாக நிற்கும் மண் தண்ணீரில் 15 மில்லிக்கு ஏறியிருந்தால், ஊதல் 50 சதவீதம். அதைத் தாண்டினால் கரிசலை அப்படியே வைத்து மேலே தளம் போடுவதை மறந்துவிடலாம்.

சரி, கரிசலைத் தோண்டி எடுத்தாயிற்று. குழியை எதைக் கொண்டு நிரப்புவது? எம்-சாண்ட் அல்லது கிரஷர் தூளைக் கொட்டினால் வேலை ஒரே நாளில் முடியும், மட்டமும் அழகாக வரும். ஆனால் மழைநீர் மணல் வழியாக நேரே இறங்கி, சுற்றிலும் களிமண் என்பதால் போக வழியில்லாமல் குழியிலேயே நிற்கும். கரிசலுக்கு நாமே தண்ணீர்த்தொட்டி கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தேவை, ஒட்டும் தன்மையுள்ள, ஆனால் ஊதாத கிராவல் மண். கோர்ட் எல்லையைத் தாண்டி நாலு பக்கமும் மூன்று அடியாவது அது நீள வேண்டும்.

பேட்மின்டன் கோர்ட் 44 அடிக்கு 20 அடி. ஓட இடம் விட்டால் 54-க்கு 30 என்று வையுங்கள். இரண்டு அடி ஆழத்துக்கு நிரப்ப, வெளியே நீளும் மூன்று அடியைச் சேர்க்காமலே, 32 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 100 கன அடி) மேல் கிராவல் ஆகும். லாரிகள் வரிசையாக வந்து கொட்ட, ஜேசிபி ஒரே மூச்சில் பரப்பி, மேலே மட்டும் ரோலர் ஓட்டினால் அடியில் இறுகவே இறுகாது. அரை அடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு, அளவாக நீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் உருட்ட வேண்டும். இந்த நாட்களைக் குறைக்கச் சொல்லும் ஒப்பந்தக்காரரை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோடை விடுமுறைக்காக மே மாதத்தில், வெடித்துக் கிடக்கும் மண்ணின் மேலேயே தளம் போடுவதையும் பார்க்கிறோம். மண் அதிகபட்சம் சுருங்கியிருக்கும் நேரம் அது. அப்புறம் அதற்கு ஊதுவது தவிர வேறு வழியில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்து, மண்ணில் மிதமான ஈரம் இருக்கும் தை, மாசிதான் தோது.

தண்ணீர் வாட்டம் ஒரே பக்கமாக, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கட்டும். 30 அடி அகலத்துக்கு மூன்றரை அங்குலம் வரும். அந்தத் தண்ணீர் வீட்டு அஸ்திவாரத்தை நோக்கி வரக் கூடாது. கோர்ட் ஓரத்தில் புல்தரை போட்டுத் தினமும் நீர் பாய்ச்சுவதும், வேப்பமரத்தை ஒட்டிப் போடுவதும் ஒரே தப்பின் இரண்டு பக்கங்கள். ஒன்று ஓர மண்ணுக்கு ஈரத்தைக் கூட்டுகிறது, மற்றது உறிஞ்சுகிறது.

கான்கிரீட்டுக்குள் வரும் கம்பியைத் தரையோடு கிடக்க விடாமல், அடியில் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டிகளை வைத்துத் தூக்குங்கள். விரிசல் கண்டபடி ஓடாமலிருக்க, பத்தடிக்குள் ஒரு ஜாயின்ட் (தளத்தில் வெட்டும் கோடு) வெட்டுங்கள், அதுவும் கான்கிரீட் போட்ட மறுநாளைக்குள். அக்ரிலிக் பெயின்ட் அடிக்க கான்கிரீட்டுக்கு 28 நாள் தர வேண்டும். அவ்வளவு நாள் பொறுக்க முடியாதவர்கள், பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் டைல்ஸை வாங்கி ஒரே நாளில் விரித்துவிடலாம். வேகம் உண்மையிலேயே கிடைக்கும் இடம் அதுதான். அடித்தளத்தின் மேடு பள்ளத்தை மட்டும் டைல்ஸ் மறைக்காது, அப்படியே மேலே காட்டும்.

இன்னொன்று, கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆடிக் காற்றில் திறந்தவெளியில் இறகுப்பந்து ஆட முடியாது. அந்த ஊர்க்காரர்கள் வாலிபாலை யோசிக்கலாம்.

உடனே ஆட வேண்டும் என்றால் என் யோசனை இது. கிராவலை முறையாக இறுக்கி, மேலே செம்மண் பரப்பி, கோடு போட்டு இந்த வருஷம் மண் தரையிலேயே ஆடுங்கள். நெட் கம்பத்தைப் புதைக்காமல், அடியில் பாரம் வைத்த நகர்த்தும் கம்பமாக வாங்குங்கள். ஒரு மழைக்காலம் போகட்டும், எங்கே அமுங்குகிறது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அந்த இடங்களைச் சரிசெய்துவிட்டு, தை மாதம் கான்கிரீட் போடுங்கள்.