மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்: பாரா சிறப்புப் படைப் பயிற்சிக்கு உடலைத் தயார்செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்மவான்பேட்டை கிராமத்தை ராணுவப்பேட்டை என்றே அழைக்கும் வேலூர் மாவட்டம் இது. விடியற்காலையில் வேலூர் கோட்டை மைதானத்தில் ஓடும் பையன்கள் பலரும் குறிவைப்பது ஆள்சேர்ப்பு முகாமின் 1.6 கிலோமீட்டரைத்தான். 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண், புல்-அப்ஸ் 10 எடுத்தால் 40. இதே தயாரிப்பைக் கொஞ்சம் நீட்டினால், வான்குடையில் குதித்துப் போரிடும் பாரா சிறப்புப் படைக்கும் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. பாராவில் நடப்பது, ராணுவத்தில் சேர்ந்தபின் தாமாக முன்வருவோருக்கான தகுதிகாண் காலம். மாதக்கணக்கில் நீளும். முதுகில் சுமையோடு, அரைத் தூக்கத்தோடு, நேற்று நடந்த கால் இன்றும் நடக்க வேண்டும்.

ஓட ஆரம்பித்து ஆறு வாரத்தில் மூச்சு பழகிவிடும். எலும்பு அப்படியில்லை. அடி வாங்கிய எலும்பில் பழைய பகுதி முதலில் கரையும், பிறகே புதியது கட்டும். ஒரு சுற்று முடிய மூன்று, நான்கு மாதம் ஆகும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று வாரம் 20 கிலோமீட்டரிலிருந்து திடீரென 40-க்குத் தாவுபவருக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் மயிரிழை விரிசல் விழுவது இதனால்தான். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள்; நான்காவது வாரம் தூரத்தைக் குறையுங்கள்.

வலி வந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவி, ஓட ஓடக் குறைந்தால் பெரும்பாலும் தசை ஒட்டிய இடத்து வலி. ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் சுள்ளென்று வலித்து, ஒற்றைக்காலில் குதிக்க முடியாமல், ராத்திரியும் குடைந்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு, மூன்று வாரம் எக்ஸ்-ரேயில் விரிசல் தெரியாமலே போகலாம். ‘எக்ஸ்-ரே சுத்தமா இருக்கு’ என்று மறுபடி ஓடுவதுதான் பெரிய ஆபத்து.

சுமையில் நடக்கும் தவறு வேறு மாதிரி. முதல் நாளே 20 கிலோ கட்டிக்கொண்டு ஓடுவார்கள். சுமையோடு ஓடவே வேண்டாம், வேகமாக நடங்கள். 60 கிலோ எடையுள்ளவர் 8 கிலோவில், 4 கிலோமீட்டரில், வாரம் ஒருமுறை தொடங்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 கிலோ கூட்டலாம். எடையைக் கூட்டிய வாரம் தூரத்தைக் கூட்டக் கூடாது. பைக்குள் செங்கல்லைச் சும்மா போட்டால் ஆடி ஆடி இடுப்பைத் தேய்க்கும். அரிசிப் பையைத் துண்டில் சுற்றி, முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வையுங்கள். (பைக்குச் சுமையாக மணல் அள்ளப் பாலாற்றில் இறங்க வேண்டாம், வழக்கு வரும்.)

பாலாற்று மணலில் தினம் ஓடினால் கால் உரமேறும் என்பார்கள். குதிகால் புதைவதால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும்தான் இழுபடும். வாரம் ஒருநாள், 15 நிமிடம் போதும். வள்ளிமலைப் படிகளில் ஏற்றம் நல்ல பயிற்சி; இறங்கும்போது ஓடாதீர்கள், முட்டி தாங்காது.

கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். உடல் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். முதல் நாள் 20 நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலை சுற்றும், வாந்தி வரும், வலிப்புகூட வரலாம். நீண்ட பயிற்சியில் அதிகம் வேர்த்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டும் தலைதட்டி, கலந்து தாகத்துக்கேற்பக் குடியுங்கள்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் இல்லை. களியும் மல்லாட்டையும் (வேர்க்கடலை) முட்டையும் போதும். டப்பா பவுடர் அவசியமில்லை.

ஓடுமுன் வலிமாத்திரை போடும் பழக்கத்தை மட்டும் அடியோடு விடுங்கள். வலி மறையும், விரிசல் வளரும். வேர்வையில் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகமும் அடிவாங்கும். பந்தயம் கட்டி 300 பஸ்கி போட்ட மறுநாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை சிதைந்து ரத்தத்தில் கலக்கிறது என்று பொருள். ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று வீட்டில் இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.