மிளகாய் நாற்று தலை சாய்ந்தால் பூவாளியைத் தேடாதீர்கள்

பாலக்கோடு பக்கம் சித்திரை வெயிலில், மதியம் ஒரு மணிக்கு நிழல்வலைக் குடிலுக்குள் போய்ப் பாருங்கள். குழித்தட்டில் இருபது நாள் மிளகாய் நாற்று தலையைத் தொங்கப் போட்டு நிற்கும். நம் கை தானாகப் பூவாளிக்குப் போகும். பாதி நாற்று சாவது அந்தக் கையால்தான்.

குழியில் நிரப்பிய நார்க்கழிவுக் கலவை தண்ணீரில் ஊறிக் கிடந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. காற்றில்லாத வேர், பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும் உறிஞ்சாது. மேலே இலை, தாகத்தில் வாடியது போலவே தொங்கும். அதனால் முதலில் தட்டைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்த தட்டு அட்டைப்பெட்டி மாதிரி லேசாக வரும். ஊறியது கையை இழுக்கும். பிறகு ஒரு குழியை அடியிலிருந்து அழுத்தி நாற்றை எடுங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் பயமில்லை. பழுப்பாகி, தொட்டால் தோல் உரிந்து வந்தால் அழுகல்.

மதியம் மட்டும் சாய்ந்து, பொழுது இறங்கியதும் நிமிர்ந்துவிட்டால் அது வெறும் வெக்கை. பக்கத்திரையைச் சுருட்டி விட்டால் போதும்.

தண்டு கலவையை ஒட்டிய இடத்தில் நூலாகச் சுருங்கி, நாற்று மடிந்து விழுந்தால் அது நாற்றழுகல். பித்தியம் போன்ற பூஞ்சாணத்தின் வேலை. விழுந்தது எழாது. கலவையோடு அள்ளி வெளியே போட்டுவிட்டு, மீதிக்குத் தண்ணீரைக் குறைத்து, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சாண மருந்தைக் கரைத்து வேர் நனைய ஊற்றுங்கள். போன வருடத் தட்டைக் கழுவாமல் அப்படியே நிரப்புவதும், கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலக்கச் சோம்பல்படுவதும்தான் இதைக் கூப்பிட்டு வருகிறது. தளி, கெலமங்கலம் மாதிரிக் குளிர்ந்த ஊர்களில் சாயங்காலம் தண்ணீர் தெளிப்பது இன்னும் மோசம். விடிய விடிய இலை ஈரமாகவே கிடக்கும். காலையில் ஊற்றுங்கள்.

எனக்குப் பெரிய அடி விழுந்தது தென்னை நார்க்கழிவில். விலை மலிவு என்று வாங்கிய கட்டியை ஒரு தரம் நனைத்துப் பிழிந்து நிரப்பிவிட்டேன். பத்தே நாளில் இலை நுனி கருகி, நாற்று குறுகி, ஈரம் இருந்தும் சோர்ந்தது. நார்க்கழிவில் இருந்த உப்பு ஒரு பக்கம், எங்கள் போர் தண்ணீரின் உப்பு இன்னொரு பக்கம். நோய் என்று நினைத்து மருந்தடித்த காசு தனி நஷ்டம். இப்போது பிழிந்த தண்ணீரில் உப்பின் அளவைக் காட்டும் ஈ.சி. மீட்டரை வைத்து, 1 mS/cm-க்குக் கீழே இறங்கும் வரை அலசுகிறேன்.

வாடிய நாற்றுக்குத் 'தெம்பு' என்று உரம் கொடுப்பதும் இதே கதைதான், உப்பின் மேல் உப்பு. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் கொடுப்பதானால் விதைத்த 18-ஆம் நாள் வாக்கில், லிட்டருக்கு 5 கிராம், நல்ல நாற்றுக்கு மட்டும்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான், யாரும் சொல்ல மாட்டார்கள். வெயிலில் கிடக்கும் கறுப்பு ஓஸில் முதலில் வருவது வெந்நீர். அதை வாசலிலேயே வாழை மரத்தடியில் விட்டு, கையில் பட்டுச் சில்லென்று ஆன பிறகு தட்டுப் பக்கம் திருப்புங்கள்.