சாம்பார் கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது: பள்ளிச் சமையலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடியும் மார்கழியும் வந்தால் கல்யாணச் சமையல்காரர்களுக்கு வேலை இருக்காது. அதனால் எங்கள் காரைக்குடி, தேவகோட்டை பக்கத்து மாஸ்டர்கள் சிலர் பள்ளி விடுதி, மெஸ், கேன்டீன் என்று ஒப்பந்தம் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். கைப்பக்குவத்தில் அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் முந்நூறு பேருக்குப் பந்தி போடுவது வேறு, முந்நூறு பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க மதியச் சாப்பாடு போடுவது வேறு. முன்னதில் ருசியும் தாராளமும் போதும், பின்னதில் கிராம் கணக்கு இருக்கிறது. இந்தத் தொழிலில் பழையவர்கள் நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடங்களில் புதியவர்களும் சறுக்குவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நகம் வெட்டுங்கள், தலைக்குத் துணி கட்டுங்கள், கை கழுவுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் இந்தப் பக்கமே வரக்கூடாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இதில் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அதன் கீழ் 2015இல் வந்த மதிய உணவு விதிகளும் பிள்ளைக்கு எவ்வளவு சத்து போய்ச் சேர வேண்டும் என்று சொல்கின்றன. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டமும் அதன் கீழ் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற மத்திய உணவுத் தர ஆணையம் போட்ட விதிகளும் சாப்பாடு எப்படிச் சுத்தமாக இருக்க வேண்டும், பள்ளியில் எதை விற்கக்கூடாது என்று சொல்கின்றன. முதலாவது அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும். இரண்டாவது எல்லாப் பள்ளிக்கும். நீங்கள் தனியார் பள்ளியில் மெஸ் நடத்தினாலும் முதலாவதில் உள்ள அளவையே வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட எளிய அளவுகோல் வேறு கிடையாது.

பருப்பில் கை வைப்பது

ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு மதியச் சாப்பாட்டில் 450 கலோரி, 12 கிராம் புரதம். ஆறிலிருந்து எட்டு வரை 700 கலோரி, 20 கிராம் புரதம். இதற்காகச் சொல்லியிருக்கும் பொருள் அளவு, சின்னப் பிள்ளைகளுக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20, காய்கறி 50, எண்ணெய் 5. பெரிய பிள்ளைகளுக்கு அரிசி 150, பருப்பு 30, காய்கறி 75, எண்ணெய் ஏழரை. எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை.

இந்தக் கணக்கை ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்கள். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி, 7 முதல் 8 கிராம் புரதம். 20 கிராம் துவரம்பருப்பில் 65 கலோரி போல வரும், புரதம் 4 கிராமுக்குச் சற்று மேல். எண்ணெயில் 45 கலோரி, புரதம் சுத்தமாகக் கிடையாது. கூட்டினால் 460 கலோரி, 12 கிராம் புரதம். அதாவது எல்லாவற்றையும் முழு அளவில் போட்டால் மட்டுமே புரதக் கணக்கு மயிரிழையில் தேறுகிறது. இப்போது பருப்பைப் பாதியாக்கி, ஈடுகட்ட ஒரு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பாருங்கள். கலோரி முன்னைவிடக் கூடுதலாகவே வரும். புரதம் 10 கிராமுக்கு இறங்கிவிடும். தாளில் கலோரியை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். பிள்ளையின் வயிறும் நிறைந்திருக்கும். அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை, அதனால்தான் எனக்கு இந்தத் தவறின் மேல் இவ்வளவு எரிச்சல்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். புதிதாக ஒப்பந்தம் எடுத்த மாஸ்டர், துவரம்பருப்பு விலை ஏறியதும் ஆறு கிலோ போட வேண்டிய இடத்தில் மூன்று கிலோ போட்டார். மீதிக்குப் பரங்கிக்காயைக் குழைய வேகவைத்து, இறக்கும்போது அரிசி மாவைக் கரைத்து ஊற்றிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது சாம்பார் அகப்பையில் ஒட்டிக்கொண்டு நின்றது. வாசனைக்குக் குறைச்சலே இல்லை, மேலே கொத்தமல்லி தூவி, நெய் வாசம் வேறு. "அண்ணே, கெட்டியாத்தானே இருக்கு? பிள்ளைங்க ரெண்டாந்தடவை கேட்டு வாங்குதுங்க" என்றார். கேட்டு வாங்கத்தான் செய்வார்கள், ருசி அப்படி. ஆனால் அந்தக் கெட்டி அரிசி மாவின் கெட்டி. அரிசிப் புரதத்தில் லைசின் என்கிற சத்து குறைவு, பருப்பு அந்த இடத்தை நிரப்புகிறது. அதற்காகத்தான் சோறும் பருப்பும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். சோற்றின் மேல் அரிசி மாவை ஊற்றிவிட்டு அதைச் சாம்பார் என்றால் எப்படி?

பிடிபட்டது சமையலறையில் இல்லை, கணக்குப் புத்தகத்தில். நிர்வாகக் குழுவில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். மாதக் கடைசியில் பில்களைக் கூட்டி, பிள்ளைகள் எண்ணிக்கையை 20 கிராமால் பெருக்கி, சாம்பார் போட்ட நாட்களால் பெருக்கியிருக்கிறார். வாங்கிய பருப்பு பாதிக்கூட வரவில்லை. மூன்று மாதப் பணத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். பருப்பில் மிச்சம் பிடித்தது எவ்வளவு, நின்றுபோன பணம் எவ்வளவு என்று அந்த மாஸ்டரிடமே கேட்டேன், பதில் வரவில்லை. உதவி பெறும் பள்ளியாக இருந்திருந்தால் இன்னும் மோசம். 2015 விதிகளின்படி சாப்பாட்டு மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பிச் சத்து அளவைச் சோதிக்கலாம். ஆய்வகத்தில் கொத்தமல்லி வாசனைக்கு மதிப்பெண் கிடையாது.

இத்தனைக்கும் வழி இல்லாமல் இல்லை. விதி பருப்பு என்றுதான் சொல்கிறது, துவரம்பருப்பு என்று எங்கும் அடம்பிடிக்கவில்லை. துவரை விலை ஏறினால் பாசிப்பருப்புக்குப் போங்கள். தட்டப்பயறு போட்டுப் புளிக்குழம்பு வையுங்கள். மொச்சை போட்டு, அரிசி களைந்த தண்ணீரில் மண்டி வைக்க நம் ஊர் ஆளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? வாரத்தில் ஒரு நாள் கொண்டைக்கடலைச் சோறு. அரசு சத்துணவுப் பட்டியலிலேயே கொண்டைக்கடலைப் புலாவும் மீல்மேக்கர் சாதமும் இருக்கின்றன, சும்மா வைக்கவில்லை.

அப்புறம், முழுப் பருப்பைப் போட்டும் பிள்ளைக்குப் போய்ச் சேராத கதை ஒன்று உண்டு. பருப்பு அண்டாவின் அடியில் தங்கும். பரிமாறுகிறவர் வாளியில் மேலாக மொண்டு போவார். முதல் வரிசைக்குப் புளித்தண்ணீர், கடைசி வரிசைக்குக் கூட்டு. ஒவ்வொரு வாளிக்கும் அடிவரை துழாவி மொள்ளச் சொல்லுங்கள். கரண்டியையும் அளந்து வாங்குங்கள். நூறு பிள்ளைகளுக்கு இரண்டு கிலோ பருப்பு போட்டு மொத்தம் 15 லிட்டர் சாம்பார் வருகிறது என்றால் தலைக்கு 150 மில்லி. அந்த 150 மில்லி பிடிக்கிற கரண்டி ஒன்றை வாங்கி, அதை மட்டும் பரிமாறப் பயன்படுத்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வெந்த சோற்றை எடைபோடுவது

படித்துவிட்டு வந்த ஒரு தம்பி, விடுதியில் தராசை வைத்துத் தட்டுக்குத் தட்டு 100 கிராம் சோறு போட்டுக்கொண்டிருந்தார். 100 கிராம் அரிசி வெந்தால் ஏறத்தாழ 300 கிராம் சோறு. பிள்ளைகள் மூன்று மணிக்கே பசியில் சுருண்டுவிட்டார்கள். காய்கறியை மட்டும் நான் நறுக்கிய பிறகு எடைபோடுவேன்; முருங்கைக்காயையும் வாழைப்பூவையும் வாங்கிய எடையிலேயே கணக்கெழுதினால் குப்பைக்குப் போவதும் பிள்ளை சாப்பிட்டதாக ஆகிவிடும்.

ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் ஒரே கரண்டி

ஒன்றரை மடங்கு வித்தியாசம். இரண்டு கரண்டி வையுங்கள்.

ஊறுகாயைக் காய்கறி என்பது

ஆகாது. அப்பளமும் வடகமும்கூட ஆகாது.

"பிளாஸ்டிக் அரிசி"யைப் பொறுக்கி எறிவது

இதை அனுபவசாலிகளே செய்கிறார்கள். அரசு தரும் அரிசி செறிவூட்டியதாக இருந்தால், அதில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சத்து சேர்த்த மணிகள் கலந்திருக்கும். அரிசி மாவிலேயே இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்தவை அவை. நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், களையும்போது சில மிதக்கும். உடனே பிளாஸ்டிக் என்று பதறி, சமையல் உதவியாளர் உட்கார்ந்து பொறுமையாகப் பொறுக்கி எறிந்துவிடுவார். ரத்தசோகைக்காகப் போட்டதைப் பொறுக்கிவிட்டால் பிறகு என்ன மிச்சம்? காரைக்குடிப் பக்கத்துப் புதுவயல் மில் அரிசியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வித்தியாசம் தெரியத்தான் செய்யும், அதற்காக எறிய வேண்டாம். அரிசியை நாலைந்து தடவை களைந்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடிப்பதையும் விடுங்கள். சத்தில் ஒரு பகுதி அதோடு போய்விடும். தண்ணீர் அளந்து ஊற்றி வற்றவிடுங்கள்.

பருப்பு வேக ஆப்பச்சோடா

தயமின் என்கிற பி1 சத்து போய்விடும். முந்தின நாள் ஊறவையுங்கள்.

காலையில் கிளறி மூடிவைத்த புளியோதரை

கட்டுச்சோறு கட்டிப் பழகிய ஊர், அதனால் சொன்னால் கோபம் வரும். வீட்டுக் கட்டுச்சோற்றில் புளியும் நல்லெண்ணெயும் தாராளமாக இருக்கும், சோற்றை நன்றாக ஆறவிட்டுக் கிளறுவார்கள். மெஸ்ஸில் ஏழரைக்கு வடித்த சோற்றைச் சூட்டோடு பெரிய டிரம்மில் அமுக்கி மூடி, பன்னிரண்டே முக்காலுக்குத் திறக்கிறார்கள். எலுமிச்சை சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம் எல்லாம் இதே கதி. பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும், அது விடுகிற ஒரு நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. வாசனை மாறவில்லை, நூல் விடவில்லை என்பதெல்லாம் சாட்சி ஆகாது. சோறு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பரிமாறும் நேரத்தை ஒட்டிச் சமைக்க வேண்டும். நடுவாந்தரம் கிடையாது.

ருசி பார்ப்பதைச் சடங்காக்குவது

பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஓர் ஆசிரியராவது சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பல இடங்களில் கையெழுத்து காலையிலேயே விழுந்துவிடுகிறது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. அன்று எண்ணெய் வாசனை சரியில்லை என்று சமையல் செய்தவர் சொல்லியும் கேட்கவில்லை என்று அப்போதே செய்தி வந்தது. உங்கள் சமையல்கார அம்மா "எண்ணெய் என்னமோ மாதிரி இருக்கு சார்" என்றால் அந்த எண்ணெயைத் தொடாமல் அன்றைக்கு வேறு ஏதாவது கிண்டிப் போடுங்கள், பரவாயில்லை. பழைய கேன் எதிலும் எண்ணெய் ஊற்றி வைக்காதீர்கள்.

வீட்டுப் பலகாரம்தானே என்பது

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020இல் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே தனி விதி போட்டது. நிறைகொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சேர்த்த சர்க்கரை, சோடியம் அதிகமுள்ள தின்பண்டங்களைப் பள்ளிக் கேன்டீனிலோ விடுதியிலோ விற்கக்கூடாது, பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் கூடாது. சிப்ஸ் பாக்கெட்டையும் குளிர்பானத்தையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தேன்குழலும் அதிரசமும் சீப்புச் சீடையும் அடுக்கி, "எல்லாம் ஆச்சிமார் கையால் செய்தது" என்று எழுதி வைத்தால் விதி நகர்ந்துகொள்ளாது. ஆச்சி சுட்டாலும் எண்ணெய் எண்ணெய்தான், சர்க்கரை சர்க்கரைதான். இடைவேளைக்கு விற்க நம்மிடம் வேறு இல்லையா? சுண்டல், வேகவைத்த கடலை, இட்லி, கொய்யா, அளவான கருப்பட்டியோடு உளுந்து மாவில் கிண்டிய கும்மாயம்.

உரிமம் பற்றி ஒன்று. ஒப்பந்ததாரரிடம் உரிமம் இருக்கிறது, பள்ளிக்கு வேலை இல்லை என்று நிர்வாகம் நினைக்கும். பள்ளியே சமைத்தால் பள்ளி பேரில் பதிவோ உரிமமோ வேண்டும். வெளியாள் சமைத்தால் அவரிடம் அது இருக்கிறதா, விதிப்படி நடக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பள்ளியுடையது. உரிமம் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முட்டைக்குப் பதில் வாழைப்பழம்

தமிழ்நாட்டில் பள்ளி நாள்தோறும் முட்டை தருகிறார்கள், சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். இதைப் பார்த்துவிட்டு மெஸ்காரர்களும் அப்படியே செய்கிறார்கள். பழத்தில் தப்பில்லை, ஆனால் முட்டையில் 6 கிராம் புரதம், பழத்தில் ஒரு கிராம் போலத்தான். முட்டை தொடாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று பெயர்ப் பட்டியல் எடுத்து, தலைக்கு 30 கிராம் கொண்டைக்கடலை வீதம் சுண்டல் போட்டால் முட்டைக்கு ஏறத்தாழ ஈடாகிவிடும். பழமும் கொடுங்கள். கடலையை முந்தின நாள் ராத்திரியே ஊறப்போட ஓர் ஆளைப் பொறுப்பாக்கி வையுங்கள், காலையில் ஊறப்போட்டால் சுண்டல் கல்லாகத்தான் இருக்கும்.