நம்பகமான நேரமுத்திரை சர்வரை நடத்துவது எப்படி

ஒரு கோப்பு இன்ன நேரத்தில் இதே வடிவில் இருந்தது என்று சான்றளிப்பதே நேரமுத்திரை சர்வரின் வேலை. 2001இல் வெளியான ஆர்எஃப்சி 3161 என்ற இணையத் தரநிலையின்படி, பயனர் கோப்பை அனுப்புவதில்லை. அதன் ஹாஷை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறுகிய மதிப்பை, மட்டுமே அனுப்புகிறார். சர்வர் அந்த ஹாஷுடன் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தையும் ஒரு வரிசை எண்ணையும் சேர்த்துக் கையொப்பமிட்டுத் திருப்பித் தருகிறது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் இதற்கென ஒரு கட்டளை உள்ளதால் சர்வரை இயங்க வைப்பது எளிது. அது தரும் நேரத்தைப் பிறர் நம்பும்படி செய்வதில்தான் உழைப்பு அதிகம்.

முதலில் கடிகாரத்தைக் கவனியுங்கள். வலைப்பின்னல் வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் குரோனி போன்ற என்டிபி மென்பொருளை நிறுவி, ஒன்றையொன்று சாராத நான்கு நேர மூலங்களையாவது அதற்குக் கொடுங்கள். அப்போதுதான் ஒன்று தவறான நேரம் சொன்னாலும் மற்ற மூன்றையும் வைத்து அதை ஒதுக்க முடியும். மெய்நிகர் கணினியில் (இன்னொரு கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் கணினியில்) சர்வரை வைத்திருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அதை இடைநிறுத்திச் சிறிது நேரம் கழித்து மீண்டும் இயக்கும்போது, அதன் கடிகாரம் நின்ற இடத்திலிருந்தே தொடரக்கூடும். குரோனி அதைச் சரிசெய்வதற்குள் வரும் கோரிக்கைகளுக்கெல்லாம் பழைய நேரமே முத்திரையாக விழும். ஆகவே ஒவ்வொரு கையொப்பத்துக்கும் முன் கடிகார விலகலைப் பார்த்து, நீங்கள் அறிவித்துள்ள துல்லியத்தை அது மீறினால், நேரம் கிடைக்கவில்லை என்பதற்குத் தரநிலை ஒதுக்கியுள்ள 14ஆம் பிழைக் குறியீட்டைத் திருப்பி அனுப்புங்கள். சந்தேகம் வந்தால் மறுத்துவிடும் சர்வரையே நான் நம்புவேன்.

சர்வரின் கையொப்பச் சான்றிதழில், சாவியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் நீட்டித்த பயன்பாட்டுப் பகுதியில், நேரமுத்திரை என்ற ஒரே நோக்கம் இருக்க வேண்டும். அந்தப் பகுதி கட்டாயமானது என்றும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் ஓபன்எஸ்எஸ்எல் கையொப்பமிடவே மறுக்கும். கையொப்பமிடப் பயன்படும் ரகசியமான தனிச்சாவியை, சாவியைக் காப்பதற்கென்றே உள்ள கருவியான வன்பொருள் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைப்பது நல்லது.

வரிசை எண் ஒருபோதும் திரும்ப வரக்கூடாது. ஓபன்எஸ்எஸ்எல் கட்டளை தன் வரிசை எண் கோப்பைப் பூட்டுவதில்லை என்பதால், இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் வந்தால் இரண்டுக்கும் ஒரே எண் போகக்கூடும்; கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் கையாளுங்கள். பழைய காப்புப் பிரதியிலிருந்து சர்வரை மீட்டால், கடைசியாக வழங்கிய எண்ணைப் பதிவேட்டில் பார்த்து அதற்கு அப்பால் தொடங்குங்கள்.

பலரும் யோசிக்காமல் விடுவது சான்றிதழை ரத்து செய்யும் முறையை. சாவியை மாற்றியதாலோ சேவையை நிறுத்தியதாலோ ரத்து செய்தால், அந்தக் காரணத்தை ரத்துப் பட்டியலில் குறிப்பிடும்படி சான்றிதழ் வழங்கியவரிடம் கேளுங்கள். அப்படிக் குறிப்பிட்டால், ரத்துக்கு முன் வழங்கிய முத்திரைகள் தொடர்ந்து செல்லுபடியாகும். காரணப் புலமே இல்லாமல் ரத்து செய்யப்பட்டால், அந்தச் சாவியால் இட்ட முத்திரைகள் அனைத்தும், சாவி களவு போகாதபோதும், செல்லாதவையாகவே கருதப்படும்.